மண்ணுக்குள் ஈரம் எங்கே?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மண்ணின் ஈரம். "மண்ணிலேயே பிறந்து மண்ணிலேயே உழைக்கும் எங்களுக்கு மண்ணைப் பற்றிப் பாடமா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கும் உங்களுக்கு, எந்தச் சரிவில் கால் வழுக்கும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், எந்த மேட்டில் உள்ள மரங்கள் முதலில் இலை உதிர்க்கும் என்பனவெல்லாம் மனப்பாடம். எனினும், கண்ணுக்குப் புலனாவது மேல்மண் மட்டுமே. இரண்டடி ஆழத்திலும் நான்கடி ஆழத்திலும் நீர் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை நம்மில் எவரும் நேரில் கண்டதில்லை.

காணாத அந்நீரைத் தோண்டாமலேயே அளந்து, படமாக வரைந்து காட்டும் முறைகள் இப்பொழுது உள்ளன. அம்முறைகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், நிலத்தில் நாள்தோறும் நடக்கும் உங்கள் உதவியின்றி வரையப்படும் படம் ஏன் பிழைபட நேரும் என்பவற்றை விளக்குவதே என் உரையின் நோக்கமாகும்.

ஈரமும் பாலும்

முதலில் ஒரு வினா. பால்மரத்தை நாம் ஏன் வைகறையில் வெட்டுகிறோம்? நண்பகலில் வெட்டினால் என்ன? அனுபவத்தால் உங்கள் எல்லாருக்கும் விடை தெரியும்: வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். அதன் காரணத்தை அறிவியல் இவ்வாறு கூறுகிறது. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் இரவு முழுவதும் நீரை ஏற்று, காற்றடைத்த டயரைப் போல் இறுகி நிற்கின்றன. உளி பட்டவுடன் அவ்வழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது. கதிரவன் எழுந்தபின் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடத் தொடங்குகின்றன. மரத்தின் உள்ளழுத்தம் தளர்கிறது. பாலின் ஓட்டமும் தளர்ந்துவிடுகிறது.

மங்கில் சேரும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி நீரே. அந்நீர் முழுவதும் வேர் வழியாக மண்ணிலிருந்து வந்ததாகும். ஆகவே, மண்ணின் ஈரம் குன்றினால் பாலும் குன்றும். பால் குன்றினால் கிலோ கணக்கில் ஊதியம் பெறுவோரின் வருவாயும் குன்றும். மண்ணின் ஈரத்தைப் பற்றிய செய்தி உங்கள் வீட்டு அரிசிப் பானையைப் பற்றிய செய்தியும் ஆகிறது.

நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை என்று பொதுவாகக் கூறுவர். ஆயினும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி அமைவதில்லை. பசிபிக் பெருங்கடல் நீர் வழக்கத்திற்கு மாறாக வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் இங்கே மழை பொய்க்கிறது. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலிலும் அதே ஊரில் வெப்பம் 39 பாகையைத் தாண்டியது. மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் துளிர் விடுகின்ற மாதங்களில் இத்தகைய வறட்சியும் சேர்ந்துகொண்டால், மரம் இருமடங்கு துன்பத்திற்கு ஆளாகிறது.

ஈரம் மிகுந்தாலும் கேடுதான். நீர் தேங்கிய பள்ளத்தில் மண்ணிடையே காற்று இராது. காற்றில்லாத இடத்தில் வேர் மூச்சு விட இயலாது. மரம் சோர்ந்து நிற்கும். எனவே ஒரு தோட்டத்தில் ஈரம் எங்கே குறைவு, எங்கே போதுமானது, எங்கே மிகுதி என்று வகைப்படுத்தி அறிவது இன்றியமையாததாகிறது.

அடுப்பும் தராசும்

ஈரத்தை அளக்கும் மிகப் பழமையான முறையும் மிக நம்பத்தக்க முறையும் ஒன்றே. மண்ணை எடுத்து நிறுக்க வேண்டும். அதனை 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் முழுவதும் உலர்த்த வேண்டும். மீண்டும் நிறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஈரமண் 250 கிராம் இருந்து, உலர்ந்தபின் 200 கிராம் ஆயிற்று என்று கொள்வோம். போன நீர் 50 கிராம். 200 கிராம் உலர்மண்ணுக்கு 50 கிராம் நீர் எனில், ஈரம் நூற்றுக்கு 25 பங்கு ஆகும். பள்ளிச் சிறுவர் செய்யக்கூடிய கணக்கே இது.

முறை எளிது, உழைப்போ பெரிது. ஒரு ஹெக்டர் நிலத்தில் பத்து மீட்டருக்கு ஓரிடம் எனத் தோண்டினால் நூற்றுக்கு மேற்பட்ட குழிகள் வேண்டும். ஒவ்வொரு குழியிலும் மூன்று ஆழங்களில் மண் எடுத்தால் முந்நூறுக்கு மேற்பட்ட பொட்டலங்கள் சேரும். அவற்றை உலர்த்தி முடிக்குமுன் ஒரு மழை பெய்து நிலைமையே மாறிவிடும். மேலும், தோண்டிய இடத்தை மறுமுறை தோண்ட முடியாது. அவ்விடத்து மண் ஏற்கெனவே கலைந்துவிட்டது. தோண்டாமல் அறியும் வழியை அறிவியலார் தேடியது இதனாலேயே.

மின்சாரம் கொண்டுவரும் செய்தி

உலர்ந்த மண்ணில் மின்சாரம் எளிதில் ஓடாது. ஈரமண்ணில் ஓடும். தூய நீர் மட்டும் மின்சாரத்தை நன்கு கடத்துவதன்று. மண்ணிலுள்ள உப்புகள் நீரில் கரைந்து, அக்கரைசலே மின்சாரத்தைச் சுமந்து செல்கிறது. இந்த நுட்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த மில்டன் விட்னியும் அவருடைய துணைவர்களும், வயல் மண்ணின் ஈரத்தை மின்சாரத்தால் அளக்கும் முறையை 1897ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். பிரான்சு நாட்டின் கொன்ராட் ஷ்லம்பர்ஜே 1912ஆம் ஆண்டில் நிலத்துள் மின்சாரம் செலுத்தி, நிலத்தடியின் தன்மையைப் படமாக வரைந்தார். அமெரிக்கரான ஃபிராங்க் வென்னர் 1915ஆம் ஆண்டில், நான்கு முளைகளைக் கொண்டு மண்ணின் மின்தடையை அளக்கும் வழியை வகுத்தார். அவ்வழி இன்றும் கையாளப்படுகிறது.

அதன் அமைப்பைக் கூறுகிறேன். நான்கு உலோக முளைகளை ஒரே நேர்கோட்டில், சமமான இடைவெளியில் மண்ணில் ஊன்றுவர். வெளிப்புறத்து இரண்டு முளைகள் வழியாக மின்கலத்திலிருந்து மின்சாரம் செலுத்தப்படும். உட்புறத்து இரண்டு முளைகளுக்கிடையே எத்தனை வோல்ட் அழுத்தம் உண்டாகிறது என்பதைக் கருவி காட்டும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, முளைகளின் இடைவெளியாலும் 6.28 என்னும் எண்ணாலும் பெருக்கினால் மண்ணின் மின்தடை அளவு கிடைக்கும். அதனை ஓம்-மீட்டர் என்னும் அலகால் குறிப்பர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முளைகளின் இடைவெளி 1 மீட்டர். செலுத்திய மின்னோட்டம் 0.01 ஆம்பியர். தோன்றிய அழுத்தம் 0.8 வோல்ட். வகுத்தால் 80; அதனை 6.28ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 500 ஓம்-மீட்டர். சில வாரங்கள் மழையின்றிக் கழிந்தபின் அதே இடத்தில் அதே மின்னோட்டத்தைச் செலுத்தும்போது அழுத்தம் 1.6 வோல்ட் என்று வருமானால், மின்தடை 1,000 ஓம்-மீட்டராக உயர்ந்துவிட்டது என்று பொருள். இவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். பொதுவாக, ஈரமான களிமண் சில பத்து ஓம்-மீட்டரே காட்டும். உலர்ந்த மணலும் சரளைக் கல்லும் ஆயிரத்தையும் தாண்டும்.

முளைகளை நெருக்கி ஊன்றினால் மேல்மண்ணின் செய்தி கிடைக்கும். விலக்கி ஊன்றினால் ஆழத்தின் செய்தி சேரும். இடைவெளியில் ஏறக்குறையப் பாதியளவு ஆழம் என்று தோராயமாகக் கொள்ளலாம். ஒரு மீட்டர் இடைவெளி நமக்கு அரை மீட்டர் ஆழம் வரையிலான மண்ணைப் பற்றிக் கூறும்; நான்கு மீட்டர் இடைவெளி இரண்டு மீட்டர் ஆழம் வரை கூறும். உணவு தேடும் பக்க வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலும், ஆணிவேர் அதற்குக் கீழும் செல்வதால், இரண்டையும் அறிவது நலம்.

முளையே ஊன்றாமல் அளக்கும் கருவியும் உண்டு. ஒரு மீட்டர் நீளப் பலகை போன்ற அதன் ஒரு முனையில் கம்பிச் சுருள் ஒன்று காந்த அலையை மண்ணுக்குள் அனுப்பும். அவ்வலை மண்ணில் மெல்லிய மின்னோட்டத்தை எழுப்பும். மறுமுனையிலுள்ள சுருள் அதன் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். 1980ஆம் ஆண்டை ஒட்டிக் கனடா நாட்டில் உருவாகிய இவ்வகைக் கருவி, நிறுத்திப் பிடித்தால் ஒன்றரை மீட்டர் வரையிலும், படுக்கவைத்தால் முக்கால் மீட்டர் வரையிலும் உள்ள மண்ணைப் பற்றிச் செய்தி தரும். நிரைகளின் நடுவே அதனைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே போதும்.

இனி, படம் வரைவதைக் கூறுவேன். அளந்த இடங்களையெல்லாம் தோட்டத்து வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து, ஒவ்வொரு புள்ளியருகிலும் அதன் அளவை எழுதுவர். சமமான அளவுடைய புள்ளிகளைக் கோட்டால் இணைப்பர். மேட்டுநிலப் படத்தில் உயரக்கோடுகள் ஓடுவது போலவே இங்கும் கோடுகள் ஓடும். குறைந்த மின்தடை உள்ள பகுதிக்கு நீலமும், மிகுந்த மின்தடை உள்ள பகுதிக்குச் சிவப்பும் தீட்டுவர். கணினி இவ்வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

"வானத்திலிருந்தே ஈரத்தை அளக்கிறார்களாமே?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். உண்மையே. 2015ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கா ஏவிய துணைக்கோள் ஒன்று உலக முழுவதன் மண்ணீரத்தையும் அளக்கும் பணிக்கென அனுப்பப்பட்டது. ஆனால் அது காட்டும் ஒரு புள்ளி ஏறத்தாழ 36 கிலோமீட்டர் அகலம் உடையது. அப்புள்ளிக்குள் பல தோட்டங்களும் ஊர்களும் அடங்கிவிடும். அது காண்பதும் மேலுள்ள ஐந்து சென்டிமீட்டர் மண்ணை மட்டுமே. அடர்ந்த மரங்கள் அதன் பார்வையை மறைக்கவும் செய்யும். ஒரு நாட்டின் வறட்சியை அறிய அது உதவும். உங்கள் நிரையின் வறட்சியை அறிய நிலத்தில் நின்றுதான் அளக்க வேண்டும்.

படம் பிழைபடும் இடங்கள்

தோழர்களே, இனிக் கூறுவதை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். கருவி அளப்பது மின்சாரத்தையே அன்றி நீரை அன்று. நீர் மிகுந்தாலும் மின்தடை குறையும். உப்பு மிகுந்தாலும் குறையும். களி மிகுந்தாலும் குறையும். இரும்பு புதைந்திருந்தாலும் குறையும். இவை நான்கும் படத்தில் ஒரே நீல நிறமாகத்தான் தோன்றும். எது எதனால் வந்தது என்பதைக் கருவி அறியாது.

1897ஆம் ஆண்டு வெளிவந்த முறைக்கும் இவ்விடர்ப்பாடே நேர்ந்தது. ஈரத்தை அறிய வகுத்த அம்முறையை உப்பின் மாறுபாடு குழப்பியது. பின்னர் மண்ணின் உப்பை அறியவே அது மிகுதியும் பயன்பட்டது.

நம் தோட்டங்களில் இது எவ்வாறு நேரும் என்று பார்ப்போம்.

முதலாவது, உரம். அமோனியம் சல்பேட்டும் பொட்டாசு உரமும் உப்பு வகையைச் சேர்ந்தவை. உரமிட்ட சில நாளில் அந்நிரையை அளந்தால், ஈரம் பெருகியது போலப் படம் காட்டும். எந்த நிரையில் எந்த நாளில் உரமிடப்பட்டது என்பது உரமிட்டவருக்குத் தெரியும்.

இரண்டாவது, பழைய குடியிருப்பு. இன்று மரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் லயன் வீடுகள் இருந்திருக்கலாம். சமையற்கட்டுச் சாம்பல், துருப்பிடித்த தகரம், உடைந்த நீர்க்குழாய் ஆகியவை அங்கே புதைந்து கிடக்கும். படம் அவ்விடத்தையும் ஈரநிலம் என்றே காட்டும். அங்கே வீடுகள் இருந்தன என்பதைச் சொல்லத் தோட்டத்து மூத்த பாட்டி ஒருவரே போதும்.

மூன்றாவது, உலோகம். மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பியும், பாலை வழிநடத்தும் தகரத் தூம்பும் நடந்து அளக்கும் கருவியை ஏமாற்றும். இடுப்பில் செருகிய உளியும், கையிலுள்ள வாளியும், இரும்பு முனையுள்ள காலணியும் அவ்வாறே. ஆகவேதான் நிரையின் நடுவே, மரத்தை விட்டு விலகி நடக்கச் சொல்கின்றனர்.

நான்காவது, கடல். சிலாங்கூர்க் கடற்கரைச் சமவெளியில் உள்ள களிமண் ஒரு காலத்தில் கடல் வண்டலாக இருந்தது. அத்தகைய இடங்களில் ஆழத்திலுள்ள உப்பு, நீரின் செய்தியை மறைத்துவிடும்.

ஐந்தாவது, வெப்பம். மண் ஒரு பாகை சூடேறினால் மின்சாரம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடுதலாக ஓடும். ஒரு பாதியைக் காலையிலும் மறு பாதியை வெட்டவெயிலிலும் அளந்துவிட்டு, இரண்டையும் அப்படியே ஒரே படத்தில் சேர்த்தல் தகாது.

இவை எல்லாவற்றினும் பெரிது மண்ணின் வகையே. இம்மேசைமீது, அடியில் துளையிட்ட இரண்டு தகரக் குவளைகளை வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆற்று மணல். மற்றதில் உலர்த்திப் பொடித்த களிமண். இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றுகிறேன். மணற்குவளையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கிவிட்டதைப் பாருங்கள். களிமண் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. களிமண்ணே மரத்திற்கு நல்லது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. களிமண் பிடித்த நீரில் ஒரு பங்கை அது எளிதில் விடுவதில்லை. வேர் எவ்வளவு இழுத்தாலும் அந்நீர் வாராது. அடுப்பில் உலர்த்திப் பார்த்தால் ஈரம் இருக்கும். மரமோ வாடி நிற்கும். ஈரம் மண்ணில் இருப்பது வேறு, மரத்திற்குக் கிடைப்பது வேறு என்பதை நாம் மறத்தல் கூடாது.

நம் நாட்டு ரப்பர் நிலங்களில் இவ்வேறுபாடு நிரம்ப உண்டு. கருங்கல் சிதைந்து உண்டான ரெங்கம் வகை மண்ணில் பருமணலும் களியும் கலந்திருக்கும். மணற்கல்லிலிருந்து வந்த செர்டாங் வகை மண் மணற்பாங்கானது. செங்கற்சரளை மண்டிய மலாக்கா வகை மண்ணில் கல் நிறைந்திருப்பதால், நீர் தங்கும் இடமே குறைவு. ஒரே தோட்டத்தில் மேட்டில் ஒரு வகையும் பள்ளத்தில் ஒரு வகையும் அமைவதுண்டு. ஒருமுறை அளந்து வரைந்த நீலமும் சிவப்பும் ஈரத்தின் படமா, மண் வகையின் படமா என்று எவ்வாறு பிரித்தறிவது?

இருமுறை அளத்தல்

அதற்கு வழி உண்டு. அதே புள்ளிகளை மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையும் அளக்க வேண்டும். களி இடம் பெயர்வதில்லை. புதைந்த தகரமும் இடம் பெயர்வதில்லை. இரண்டு காலத்திற்கும் இடையே மாறுவது பெரும்பாலும் நீரே. ஆகவே இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழித்தால், மாறாதவை விலகி, மாறிய நீரின் படம் எஞ்சி நிற்கும். அதனோடு, பத்துப் பன்னிரண்டு இடங்களிலேனும் மண்ணைத் தோண்டி எடுத்து, முன்னர்க் கூறியபடி நிறுத்து உலர்த்திச் சரிபார்க்க வேண்டும். நூறு குழிகள் வேண்டா. எனினும் குழியே வேண்டா என்பதும் சரியன்று.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகருக்கு அப்பால், தாராவரா என்னுமிடத்தில் பத்தரை ஹெக்டர் மேய்ச்சல் நிலம். 1995ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்ட்ரூ வெஸ்டர்ன், ராட்ஜர் கிரேசன் ஆகிய ஆய்வாளர்களும் அவர்தம் குழுவினரும் அந்நிலத்தை மேல்மண் முப்பது சென்டிமீட்டர் ஆழத்திற்குப் பலமுறை அளந்தனர். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 500 புள்ளிகள்.

அவர்கள் பயன்படுத்தியது வேறொரு கருவி. உலோகக் குச்சிகளை மண்ணில் செருகி, அவற்றின் வழியே மின்துடிப்பு ஒன்றை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது அது. நீருள்ள மண்ணில் துடிப்பு மெதுவாகச் செல்லும். மின்புலத்திற்கு நீர் காட்டும் தன்மையின் எண் ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கோ 3 முதல் 5 வரையே. வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருப்பதால், இம்முறையில் உப்பின் தொல்லை குறைவு. கனடா நாட்டு ஆய்வாளர் டாப்பும் அவர்தம் துணைவரும் 1980ஆம் ஆண்டில் இதற்குரிய கணக்கை வெளியிட்டனர்.

தாராவராவில் அவர்கள் கண்டதென்ன? மழைமிகுந்த காலத்தில் ஈரம் பள்ளக்கோடுகளை ஒட்டி நீண்டு கிடந்தது. மேட்டுநீர் மண்ணுக்குள்ளேயே சரிந்து பள்ளத்தை அடைந்ததே அதன் காரணம். கோடையில் அக்கோடுகள் மறைந்துபோயின. ஈரம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. அந்தந்த இடத்து மண்ணும் செடியுமே அதனைத் தீர்மானித்தன. மழைக்காலப் படத்தை வைத்துக்கொண்டு கோடைக்குத் திட்டமிட்டிருந்தால் அது வழிதவறியே போயிருக்கும்.

அவர்களுடையது புல்வெளி, நம்முடையது மரக்காடு. அவர்களுடைய மழைப்பருவமும் வேறு. ஆயினும் அவர்கள் கற்ற பாடம் நமக்கும் பொருந்தும்: ஒரு நாள் வரைந்த படம் ஆண்டு முழுமைக்கும் ஆகாது.

படத்தால் ஆவது என்ன?

சரியாக வரைந்த படம் பல வழிகளில் பயன் தரும். மறுநடவின்போது எந்தப் பகுதியில் கான் வெட்டி நீரை வடிக்க வேண்டும், எந்தச் சரிவில் மண்ணும் நீரும் தங்கக் குழிகள் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். நீர் விரைவில் வற்றும் மேட்டில், நிலத்தை மூடிப் படரும் பயற்றினக் கொடிகளை முன்னதாகவே வளர்த்து, வெயில் மண்ணைத் தாக்காமல் காக்கலாம். நாற்றங்காலில் எந்த மூலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் பாய்ச்ச வேண்டும் என்று கணக்கிடலாம். நட்ட கன்றுகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பட்டுப்போகுமாயின், அதற்குக் காரணம் வறட்சியா, தேங்கிய நீரா, வேர் நோயா என்று ஆராயும்போது படம் ஒரு சாட்சியாக நிற்கும்.

பிழையான படமும் அதே அளவுக்குத் தீங்கு செய்யும். பழைய சாம்பல்மேட்டை ஈரநிலம் என்று கருதி அங்கே கான் வெட்டினால், ஏற்கெனவே வறண்ட நிலம் மேலும் வறளும். நட்ட ரப்பர்க் கன்று பால் தர ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டப்படுகிறது. நடும் நாளில் செய்த பிழையின் பலனை அத்தனை ஆண்டுகளும் அந்நிரையை வெட்டுபவரே அனுபவிக்க நேரிடும். ஆதலால், இது நிர்வாகத்திற்கும் ஆய்வாளருக்கும் மட்டும் உரிய விவகாரம் என்று நீங்கள் ஒதுங்கி நிற்றல் ஆகாது.

உங்கள் பங்கு

மலேசிய ரப்பர் வாரியத்திலிருந்தோ, பல்கலைக்கழகத்திலிருந்தோ, நிர்வாகம் அமர்த்திய நிறுவனத்திலிருந்தோ ஆய்வாளர்கள் கருவியுடன் உங்கள் தோட்டத்திற்கு வருவார்களாயின், நீங்கள் செய்யத்தக்கன இவை:

1. அந்நிலத்தில் கடைசியாக உரமிட்ட நாளையும், உரத்தின் வகையையும் தெரிவியுங்கள்.

2. பழைய வீடுகள், மூடிய கிணறு, புதைத்த குழாய், குப்பைக்குழி, கால்நடைத் தொழுவம் இருந்த இடங்களைக் காட்டுங்கள். தோட்டத்து மூத்தவர்களைக் கேட்டு அறிந்து சொல்லுங்கள்.

3. மழைக்குப்பின் நீர் நெடுநேரம் நிற்கும் இடங்களையும், வறட்சியில் முதலில் இலையுதிரும் இடங்களையும் குறிப்பிடுங்கள். மற்ற நிரையைவிடப் பால் விரைவாக நின்றுபோகும் மரங்களையும் கூறுங்கள்.

4. ஊன்றிய அடையாளக் குச்சிகளைப் பிடுங்காதீர்கள். மறுமுறை அதே புள்ளியில் அளந்தால்தான் கழித்தல் கணக்கு நிற்கும். புல்வெட்டச் செல்வோருக்கும் இதனை அறிவித்தல் வேண்டும்.

5. அளவு நடக்கும்போது முளையையோ அதனோடு இணைந்த கம்பியையோ தொடாதீர்கள். சில கருவிகள் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைச் செலுத்துவன. சிறுவர்களையும் ஆடுமாடுகளையும் அருகில் விடாதீர்கள். இடி முழங்கத் தொடங்கினால், அவ்வேலையை நிறுத்தி அனைவரும் நிலத்தை விட்டு விலகுவதே முறை.

6. படம் வரைந்து முடிந்ததும், அதனைப் பெரட்டுக் களத்தில் ஒட்டிவைக்குமாறு நிர்வாகத்தைக் கேளுங்கள். உங்கள் நிரையைப் படத்தில் தேடிப் பாருங்கள். நீங்கள் அறிந்ததற்கு மாறாக இருந்தால், கங்காணியிடமோ கிராணியாரிடமோ தயங்காமல் எடுத்துரையுங்கள். அவ்விடத்தில் ஒரு குழி தோண்டி மண்ணை நிறுத்துப் பார்த்தால் உண்மை புலப்பட்டுவிடும்.

இந்த ஆறாவதை நான் சிறப்பாக வற்புறுத்துகிறேன். "படித்தவர்கள் கருவி கொண்டு அளந்தது, நாம் என்ன சொல்ல இருக்கிறது?" என்று வாய்மூடி நிற்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்பழக்கம் அடக்கம் போலத் தோன்றினும், இங்கே அது நிலத்திற்கும் நமக்கும் நட்டம் விளைப்பதாகும். ஆய்வாளர் அந்நிலத்தில் நிற்பது இரண்டு நாள். நீங்கள் நிற்பதோ ஆண்டு முழுவதும். நல்ல ஆய்வாளர் எவரும் உங்களைக் கேட்டே தொடங்குவார். கேட்காதவரிடமும் நீங்களாகவே சென்று சொல்வதில் குற்றமில்லை.

வீட்டுத் தோட்டம் போடுவோரும், சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்போரும் கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்றாக மூன்று இடங்களில் ஓரடி ஆழத்து மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பிசைந்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா, விரலில் ஒட்டுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுத் தராசில் நிறுத்து, பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, எடை குறைவது நின்றபின் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்து நுட்பம் அதில் இராது. எனினும் மூன்று இடங்களை ஒப்பிட அது போதும். மாதம் ஒருமுறை இவ்வாறு செய்து, நாளும் எடையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஓராண்டு முடிவில் உங்கள் நிலத்தின் ஈரக்கணக்கு உங்கள் கையில் இருக்கும்.